பந்தய வேகத்தில் குறுந்தூர நீச்சல் பயிற்சி: டர்பன் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1 நிமிடத்தில் முடிக்க விரும்பும் 15 வயதுப் பிள்ளை ஒன்று, காலையிலும் மாலையிலும் குளத்தில் இறங்கி வாரத்துக்கு 40 கிலோமீட்டர் நீந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 கிலோமீட்டரில், பந்தயத்தன்று நீந்த வேண்டிய வேகத்திலேயே நீந்திய பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கூட்டிப் பாருங்கள். வெட்கப்படும் அளவுக்குச் சிறிய தொகையே மிஞ்சும். மீதமெல்லாம் மெதுவான நீச்சல். மெதுவாக நீந்தும்போது கை நீரைப் பிடிக்கும் விதமும், உடல் நீரில் கிடக்கும் உயரமும், உதைப்பின் தாளமும், மூச்செடுக்கும் நேரமும் பந்தயத்தில் இருப்பவை அல்ல. அந்தப் பிள்ளை வாரம் முழுவதும் பாடுபட்டு, போட்டியில் யாரும் கேட்கப்போகாத வேறொரு நீச்சலைப் பழகிக்கொண்டிருக்கிறது.

இந்தக் குறையைக் களைய, அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிரென்ட் ரஷால் வகுத்துத் தந்த முறையே யு.எஸ்.ஆர்.பி.டி. (அல்ட்ரா ஷார்ட் ரேஸ் பேஸ் டிரெய்னிங்) என்ற சுருக்கப்பெயரால் அறியப்படுகிறது. பந்தய தூரத்தை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பந்தய வேகத்திலேயே நீந்தி, இடையில் 15 முதல் 20 நொடி மட்டும் ஓய்வெடுத்து, அந்த வேகம் கைவிட்டுப் போகும் வரை திரும்பத் திரும்ப நீந்துவது அதன் சாரம். வேகம் போனதும் செட், அதாவது அந்தத் துண்டுகளின் தொடர், முடிந்துவிடுகிறது. இந்தக் கடைசி விதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது யு.எஸ்.ஆர்.பி.டி. அல்ல, எல்லாக் கிளப்புகளிலும் நடக்கும் சாதாரண இடைவெளிப் பயிற்சிதான். ஆனால் இங்கே பலர் முதலில் எடுத்துவிடுவது அந்த விதியைத்தான்.

நம்மூர் நிலைமைக்கு இந்த முறை பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கல் ஆட்சியில் 1953இல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் 1990இல் நீக்கப்படும் வரை, நல்ல குளங்களும் கடற்கரைகளும் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. அதன் விளைவு சட்டத்தோடு போய்விடவில்லை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் போன்ற, இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் இடங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இன்றும் நகராட்சிக் குளத்தில் ஓரிரு லேன்களும் மாலையில் ஒரு மணி நேரமும் கிடைப்பதே பெரிது. அந்த ஒரு மணி நேரத்தை மெதுவான நீச்சலில் செலவழிக்க நமக்குக் கட்டுப்படியாகாது.

ஏன் இவ்வளவு சிறிய துண்டுகள்

பந்தய வேகத்தில் 100 மீட்டரை முழுதாக நீந்திவிட்டு உடனே மறுபடியும் அதே வேகத்தில் நீந்த எவராலும் இயலாது. தசையில், கடும் உழைப்பில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருளும் அதனுடன் சேர்ந்து வரும் அமிலத்தன்மையும் ஏறிவிடும், கை கனத்துவிடும். ஆனால் அதே வேகத்தில் 25 மீட்டர் மட்டும் நீந்தி நிறுத்தினால், அந்தச் சில நொடிகளுக்கான ஆற்றலின் கணிசமான பங்கைத் தசையில் ஏற்கெனவே இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட்டும், மயோகுளோபின் என்ற புரதம் பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜனும் தந்துவிடுகின்றன. அடுத்து வரும் 15 நொடி ஓய்வில் அந்தச் சேமிப்பின் ஒரு பங்கு மீண்டும் நிரம்புகிறது. 1960இலேயே ஸ்வீடனில் ஓஸ்ட்ராண்ட் குழுவினர் உடற்பயிற்சி சைக்கிளில் ஒருவரை ஒரு மணி நேரம் உழைக்க வைத்து இதைக் காட்டினார்கள். மொத்த வேலையும் மொத்த ஓய்வும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் அரை நிமிடத் துண்டுகளாக உழைத்தபோது இரத்தத்தில் லாக்டேட் குறைவாகவே நின்றது. மூன்று நிமிடத் துண்டுகளாக உழைத்தபோது வெகுவாக ஏறியது.

இதன் பயன் என்னவென்றால், ஒரே செட்டில் பந்தய தூரத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தூரத்தை, பந்தய வேகத்திலும் பந்தயத்துக்குரிய நுட்பத்திலும் ஒரு பிள்ளையால் நீந்திவிட முடியும். ஓய்வு குறைவாக இருப்பதால் மூச்சும் இதயத்துடிப்பும் அதிகம் இறங்குவதில்லை. எனவே மூச்சுத்திறனும் இதிலேயே வளர்கிறது. இது வேகப் பயிற்சி மட்டும்தானே, தாங்கும் திறனுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்கள் ஒரு செட்டின் முடிவில் அந்தப் பிள்ளை எப்படி மூச்சிரைக்கிறது என்று கரையில் நின்று ஒரு முறை பார்த்தால் போதும்.

இலக்கு நேரத்தைக் கணக்கிடுதல்

அதிகம் பிழைபடுவது இந்த இடமே. பந்தய நேரத்தை நான்கால் வகுத்துவிட்டு அதுவே 25 மீட்டருக்கான இலக்கு என்று எழுதிவைப்பது எளிது. ஆனால் அது தவறான இலக்கு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் டாட்யானா ஸ்கூன்மேக்கர் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை 2:18.95இல் நீந்தி உலக சாதனை படைத்தார். 50 மீட்டருக்குச் சராசரி 34.74 நொடி வருகிறது. இத்தகைய 200 மீட்டர் பந்தயங்களில் முதல் 50 மீட்டர் மேடையிலிருந்து பாய்ந்து தொடங்குவதால் சராசரியைவிட வேகமாகவே அமையும். மற்ற மூன்றும் அதைவிட மெதுவாகவே வரும். பயிற்சியில் நாம் சுவரைத் தள்ளித்தான் தொடங்குகிறோம். எனவே பாய்ச்சல் கலந்த முதல் பகுதியை ஒதுக்கிவிட்டு, பின்பகுதியின் வேகத்தையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். 1:00.00 என்பது அவன் விரும்பும் நேரம். முதல் 50 மீட்டர் 28.8, இரண்டாவது 31.2 என்று பிரித்தால், இரண்டாம் பாதியில் 25 மீட்டருக்கு 15.6 நொடி வருகிறது. பந்தயத்தில் அந்த 15.6 நொடி, கால் சுவரைத் தொடுவதிலிருந்து மறுமுனையில் புரண்டு மீண்டும் கால் சுவரைத் தொடும் வரை. பயிற்சியிலோ கை சுவரைத் தொட்டதும் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறோம். புரளும் நேரம் அதில் சேர்வதில்லை. அதற்காக ஏறத்தாழ அரை நொடி கழித்து, 15.0 என்று வைக்க வேண்டும். பட்டர்ஃப்ளையிலும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பந்தய நேரம் கை தொடுவதிலிருந்து கை தொடுவது வரை கணக்கிடப்படுவதால், இரு கைகளாலும் தொட்டுத் திரும்பும் முழு நேரமும் அதில் அடங்கியிருக்கிறது. அங்கே ஏறத்தாழ 1 நொடி கழிக்க வேண்டும். இந்தக் கழிவு பிள்ளைக்குப் பிள்ளை சற்று மாறும். ஒரு மாலையில் திருப்பத்தைத் தனியே ஸ்டாப்வாட்சில் பிடித்துப் பார்த்து, அவரவருக்கு உரியதைக் குறித்துக்கொண்டால் பிறகு அதைத் தொட வேண்டியதில்லை.

200 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு 2:08 இலக்கு என்றால், 30.0, 32.4, 33.0, 32.6 என்று பிரியலாம். கடைசி மூன்றின் சராசரி 32.7, திருப்பத்துக்காக அரை நொடி கழித்தால் 50 மீட்டருக்கு 32.2. இதை 50 மீட்டர் துண்டுகளாக, 20 நொடி ஓய்வோடு நீந்த வேண்டும். 400 மீட்டருக்கு 75 மீட்டர் துண்டுகளும், 1500 மீட்டருக்கு 100 மீட்டர் துண்டுகளும் ஏற்றவை. கிங்ஸ் பார்க் போன்ற 50 மீட்டர் குளத்தில் 75 மீட்டர் நடுக்குளத்தில் முடியும் என்பதால், அங்கே 400 மீட்டர் வீரர்களையும் 100 மீட்டர் துண்டுகளுக்கே மாற்றிவிடலாம். 50 மீட்டர் பந்தயத்துக்கு மட்டும் இந்த முறை அப்படியே பொருந்தாது. அதன் வேகத்தை 15 நொடி ஓய்வில் திரும்பத் திரும்ப எட்ட முடியாது. 12 முதல் 15 மீட்டர் வரையான பாய்ச்சல்களை நல்ல ஓய்வோடு செய்வதே அதற்கு உகந்தது.

ஆசையை இலக்காக எழுதிவிடாதீர்கள். கடந்த இரண்டு மூன்று காலாக்களில் (நீச்சல் போட்டிகளில்) பிள்ளை உண்மையில் எடுத்த நேரத்தைவிட ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு வேகமாக இலக்கு இருந்தால் போதும். ஆறாவது துண்டைத் தாண்டுவதற்குள்ளேயே முதல் தவறு வந்துவிட்டால், இலக்கு அளவுக்கு மீறியது என்று பொருள். அதைத் தளர்த்திவிட வேண்டும். பக்கத்து லேனில் நீந்தும் சித்தப்பா மகன் என்ன நேரம் வைத்திருக்கிறான் என்பது இந்தக் கணக்கில் சேராது.

தவறும் விதி

விதி சிறியது. ஒரு துண்டில் இலக்கு நேரம் தவறினால், அடுத்த துண்டை நீந்தாமல் சுவரோரம் நிற்க வேண்டும். அதற்கடுத்ததில் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். ஓய்வுக்குப் பின் நீந்திய முதல் துண்டே மறுபடியும் தவறினால், அந்தப் பிள்ளைக்குச் செட் முடிந்தது. இடையில் சில துண்டுகள் சரியாக வந்திருந்தாலும், மொத்தத்தில் மூன்றாவது தவறு வந்ததும் முடிந்தது. செட்டில் 20 முதல் 30 துண்டுகள் என்று பலகையில் எழுதியிருப்பது ஓர் உச்சவரம்பே. அதை எப்படியாவது எட்டிவிட வேண்டும் என்பது எவருடைய கடமையும் அல்ல.

இது குளத்தில் எப்படி நடக்கிறது என்பதை ஒரு செட்டைக் கிட்டே நின்று பார்த்தால் விளங்கும். 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 1:10 எட்ட விரும்பும் ஒரு பெண்ணுக்கு 25 மீட்டர் இலக்கு 17.5 நொடி, 35 நொடிக்கு ஒரு முறை புறப்பாடு. முதல் பதினொரு துண்டுகளில் நேரம் 17.2க்கும் 17.5க்கும் இடையில் நிற்கிறது. நீருக்கடியில் ஆறு டால்ஃபின் உதை (இரு கால்களையும் சேர்த்து உதைப்பது), பிறகு எட்டுக் கைவீச்சு, சுவர். பன்னிரண்டாவதில் நேரம் 17.4 தான், ஆனால் கைவீச்சு ஒன்பதாகிவிட்டது. கடிகாரம் இன்னும் காட்டிக்கொடுக்கவில்லை, உடல் காட்டிக்கொடுத்துவிட்டது. நான்காவது கைவீச்சுக்குப் பிறகு மோவாய் முன்னுக்கு நீள்கிறது, இடுப்பு இறங்குகிறது, இறங்கிய இடுப்பைத் தூக்க ஒரு கைவீச்சு கூடுதலாகத் தேவைப்படுகிறது. பதின்மூன்றாவது 17.9. முதல் தவறு. பதினான்காவதை விட்டு நிற்கிறாள். மோவாயைத் தாழ்த்து என்று ஒரே ஒரு சொல் சொல்லப்படுகிறது. பதினைந்தும் பதினாறும் 17.5க்குள் வருகின்றன. பதினேழாவது 18.0, பதினெட்டை விட்டுவிட்டுப் பத்தொன்பதாவதில் 18.2. செட் முடிந்தது.

அவள் இலக்கு வேகத்தில் நீந்தியவை 14 துண்டுகள், அதாவது 350 மீட்டர். பந்தய தூரத்தைப் போல மூன்றரை மடங்கு. முதல் தவறு 13ஆவதில். நோட்டில் எழுத வேண்டியவை இந்த இரண்டு எண்களே. "கோச், இன்னும் ரெண்டே ரெண்டு" என்று அவள் கெஞ்சுவாள். கரையில் இருக்கும் தாத்தாவும், பாவம், பிள்ளை ஆசைப்படுகிறதே என்பார். விடக்கூடாது. 18.2இல் நீந்தும் ஒவ்வொரு கூடுதல் துண்டும், இடுப்பு இறங்கிய அந்த நீச்சலையே தசைக்குப் பழக்குகிறது. சோர்ந்த நிலையில் உழைப்பதை வீரம் என்று போற்றிப் பழகிய நமக்கு இது ஏற்கக் கடினமாக இருக்கிறது. ஆனால் இந்த முறையில் தவறுவது தோல்வியல்ல. அன்றைய பயிற்சி அதன் எல்லையைத் தொட்டுவிட்டது என்பதற்கான அடையாளம் அதுவே. தவறே வராமல் 30 துண்டுகளையும் முடித்த பிள்ளையைப் பாராட்டுவதற்குமுன் இலக்கு நேரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

முன்னேற்றத்துக்கும் இதே எண்களே வழிகாட்டும். முதல் தவறு அடுத்தடுத்து இரண்டு பயிற்சிகளில் பந்தய தூரத்தின் ஐந்து மடங்குக்கு அப்பால், அதாவது 100 மீட்டருக்கான செட்டில் இருபதாவது துண்டுக்குப் பின் வந்தால், இலக்கை 0.2 அல்லது 0.3 நொடி குறைக்கலாம். குறைத்ததும் முதல் தவறு பத்தாவது, பதினொன்றாவது துண்டிலேயே வந்துவிடும். பிறகு வாரங்களில் மெல்ல ஏறும். ஓய்வைக் கூட்டிக்கொடுத்து எண்ணிக்கையைத் தக்கவைப்பது கணக்கை ஏமாற்றுவதாகும். 15 நொடி 25 நொடியானால் அது வேறொரு பயிற்சி.

லேனில் ஒழுங்கு செய்தல்

ஒரே லேனில் எத்தனை பேரைப் போடலாம் என்பதே நம் குளங்களில் முதல் கேள்வி. 15 நொடி நீச்சல், 30 நொடிக்கு ஒரு புறப்பாடு என்றால், 5 நொடி இடைவெளியில் மூவர் வசதியாக நீந்தலாம்; மூன்றாமவர் 25ஆவது நொடியில் சுவரைத் தொடுவார், முதலாமவர் 30இல் திரும்பப் புறப்படுவார். நான்காமவர் தொடுவதும் முதலாமவர் புறப்படுவதும் ஒரே நொடியில் நிகழும் என்பதால், நால்வர் இருந்தால் சுவரில் ஒதுங்கி நிற்கப் பழக்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் சேர்த்தால் எதிரெதிரே நீந்தி அலையில் மாட்டிக்கொள்வார்கள். நேரம் தவறியது சோர்வினாலா கூட்டத்தினாலா என்பதே தெரியாமல் போகும். கூட்டம் அதிகமென்றால் இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி நீந்தும்போது மற்ற அணி அடுத்த லேனில் திருப்பமோ நுட்பமோ பழகட்டும்.

ஒரே வேகக்காரர்களை ஒரே லேனில் போடுவதைவிட, ஒரே புறப்பாட்டு நேரம் உள்ளவர்களைப் போடுவது நல்லது. இரண்டாமவர் தம் நேரத்திலிருந்து 5ஐயும், மூன்றாமவர் 10ஐயும் கழித்துப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள்கூட இதை ஒரு வாரத்தில் கற்றுவிடுகிறார்கள். மின்சாரத்தில் ஓடும் பேஸ் கிளாக்கை (குளத்தோரக் கடிகாரத்தை) மட்டும் நம்பியிருந்த கிளப்புகள் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் பட்ட பாட்டை நாம் அறிவோம். பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றும், கரையில் இரண்டு ஸ்டாப்வாட்சும் இருந்தால் எந்த மாலையும் வீணாகாது. பெற்றோரில் ஒருவரிடம் ஸ்டாப்வாட்சைக் கொடுப்பது நல்லதுதான். தம் பிள்ளை நீந்தாத லேனில் கொடுப்பது அதைவிட நல்லது.

ஓய்வின்போது பிள்ளைகள் தோள் வரை நீருக்குள்ளேயே நிற்க வேண்டும். சூடாக்கப்படாத திறந்தவெளிக் குளத்தில், ஜூன் ஜூலை மாதங்களில், நனைந்த தோள்களைக் காற்றில் காட்டி நின்றால் பத்தாவது துண்டுக்குள் உடல் நடுங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு வரும் தவறுகள் பயிற்சியைப் பற்றி எதையும் சொல்லா. கோடையில் தொல்லை வேறு. பிற்பகல் இடி கேட்டதும் எல்லோரும் வெளியேறி, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். பாதியில் நின்ற செட்டைத் தொடராமல், அன்றைக்கு நுட்பப் பயிற்சியோடு முடித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு பந்தயம்

துண்டு சிறியது என்பதால் தொடக்கமும் முடிவும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. சுவரைத் தள்ளியதும் பந்தயத்தில் எத்தனை டால்ஃபின் உதையோ அத்தனையே இங்கும். ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை நீர்மட்டத்தைத் தாண்டியாக வேண்டும் என்ற விதியைப் பயிற்சியிலும் மீறக்கூடாது. ஃப்ரீஸ்டைலில் எத்தனை கைவீச்சுக்கு ஒரு முறை மூச்செடுப்பது என்பதையும் பந்தயத் திட்டப்படியே வைக்க வேண்டும். முடிவில் விரல் நீட்டிச் சுவரை அழுத்தித் தொட வேண்டும். டர்பனில் பிறந்து டர்பனில் வளர்ந்த சாட் லெ க்ளோ, 2012 லண்டன் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸை வென்றது 1:52.96க்கு 1:53.01 என்ற கணக்கில், நொடியில் நூற்றில் ஐந்து பங்கு வித்தியாசத்தில். கடைசி வீச்சில் ஃபெல்ப்ஸ் மிதந்து சென்று சுவரை எதிர்பார்த்தார், லெ க்ளோ கையை வீசித் தொட்டார். ஒரு செட்டில் 20 முறை சுவரைத் தொடும் வாய்ப்பு கிடைக்கும்போது, அதை 20 முறை சோம்பலாகச் செய்தால் சோம்பலே கைவரும்.

ஒரு செட்டுக்கு ஒரே ஒரு நுட்பக் குறிப்பு போதும். இன்றைக்கு மோவாய் என்றால் மோவாய் மட்டும். வேகத்தைக் காத்துக்கொண்டே நான்கு விஷயங்களை நினைவில் வைக்க எவராலும் முடியாது.

கையில் மாட்டும் துடுப்பு, காலில் மாட்டும் செயற்கைத் துடுப்பு, உதைப்பலகை ஆகியவற்றுக்கு இந்தச் செட்டுகளில் இடமில்லை. அவை வேகத்தையோ நுட்பத்தையோ பந்தயத்தில் இல்லாத ஒன்றாக மாற்றிவிடுகின்றன. ரஷால் இதைவிட ஒரு படி மேலே போய், தரையில் செய்யும் எடைப் பயிற்சி நீச்சல் வேகத்துக்கு உதவுவதில்லை என்றே வாதிடுகிறார். அதில் எனக்கு உடன்பாடில்லை. தோள்பட்டையைச் சுற்றிய சிறு தசைகளை ரப்பர் பட்டை கொண்டு வலுப்படுத்துவது வேகத்தைத் தருகிறதோ இல்லையோ, பட்டர்ஃப்ளை நீந்தும் பிள்ளைகளைத் தோள் வலியிலிருந்து காப்பதற்காகவாவது அதை வாரம் இரண்டு முறை செய்ய வேண்டும்.

வாரத்தை அமைத்தல்

ஒரே பந்தயத்துக்கான செட்டை அடுத்தடுத்த நாட்களில் வைக்காமல் இடையில் ஒரு நாள் விடுங்கள். ஒரு மணி நேரப் பயிற்சியில், 10 முதல் 12 நிமிடம் உடலைச் சூடேற்றும் நீச்சலும், அதன் இறுதியில் இலக்கு வேகத்தில் மூன்று நான்கு துண்டுகளும். பிறகு முதன்மைச் செட், அது பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு 15 நிமிடம் எளிதான நீச்சலும் பாய்ச்சல், திருப்பப் பயிற்சியும். அதன்பின் வேறொரு நீச்சல் வகையிலோ வேறொரு தூரத்திலோ இரண்டாவது செட். கடைசியாக ஆறவிடும் நீச்சல். முன்னதாகவே தவறி வெளியேறிய பிள்ளை சுவரோரம் சும்மா நிற்காமல், பக்கத்தில் எளிதாக நீந்திக்கொண்டிருக்க வேண்டும்.

தேசியப் போட்டிகள் வழக்கமாக ஏப்ரலில் வருவதால், கடும் பயிற்சிக் காலமும் தைப்பூசக் காவடி விரதமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. விரதத்தை விடச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அது தேவையே இல்லை. மரக்கறி உணவு இந்தப் பயிற்சிக்குத் தடையல்ல. பருப்பும் சோறும், சுகர் பீன்ஸ் கறியும் ரொட்டியும் தசைக்கு வேண்டிய மாவுச்சத்தையும் புரதத்தையும் தரும். வெறும் வயிற்றோடு மாலைப் பயிற்சிக்கு வருவதுதான் தொல்லை. ஒரு வேளை மட்டும் உண்ணும் நாட்களில் இலக்கு வேகத்தை மாற்றாமல், துண்டுகளின் உச்சவரம்பைப் பாதியாக்கிவிடுங்கள். வேகத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் காப்பது தலைகீழ் ஏற்பாடு.

12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதை முழு வடிவில் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து. நுட்பம் இன்னும் படியாத பிள்ளை வேகத்தைத் துரத்தினால் கெட்ட பழக்கத்தையே வேகமாகக் கற்கும். அவர்களுக்கு எட்டு அல்லது பத்துத் துண்டுகள், நேரத்தோடு கைவீச்சு எண்ணிக்கையையும் சேர்த்து, விளையாட்டாக வைத்தால் போதும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் மருத்துவரின் ஒப்புதலோடு, மருந்துக் குழலைக் குளத்தோரம் வைத்துக்கொண்டே நீந்த வேண்டும்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் உள்ள உண்மை

இந்த முறையிலேயே வளர்ந்து உலக அளவுக்குச் சென்றவர் மைக்கேல் ஆண்ட்ரூ. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்ற பெற்றோரின் மகன், அப்போது தந்தையே பயிற்சியாளராக இருந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் 4×100 மீட்டர் மெட்லி (நால்வகை நீச்சலும் கலந்த) தொடர் நீச்சல் அணியில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பகுதியை நீந்தித் தங்கம் வென்றார். ஆனால் அதே போட்டியில் 200 மீட்டர் தனிநபர் மெட்லி இறுதியில் 150 மீட்டர் வரை முன்னணியில் இருந்துவிட்டு, கடைசி 50 மீட்டரில் பின்தங்கி ஐந்தாம் இடத்தில் முடித்தார். நீண்டதூர நீச்சல் இல்லாததன் விலை அதுதான் என்று பழைய முறைப் பயிற்சியாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒரே ஒருவரின் ஒரே பந்தயத்தை வைத்து ஒரு முறையைத் தள்ளிவிட முடியாது. என்றாலும் 200 மீட்டருக்கும் அதற்கு மேலும் நீந்துபவர்கள் விஷயத்தில் அந்த ஐயத்தை நான் ஒதுக்கிவிடுவதில்லை. அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள், பந்தய தூரத்தின் இரண்டாம் பாதியை இலக்கு வேகத்தில் துண்டாக்காமல் முழுதாக நீந்தவிட்டு, துண்டுகளில் பழகிய வேகம் சோர்வுக்குள்ளும் நிற்கிறதா என்று சோதிப்பது நல்லது. 400, 1500 மீட்டர் வீரர்களுக்கு நீண்ட, சீரான நீச்சலை முற்றிலும் விட்டுவிடவும் நான் சொல்ல மாட்டேன். 100 மீட்டர் வீரர்களுக்கோ எனக்கு அப்படி ஒரு தயக்கமும் இல்லை.

போட்டிக்கு முந்தைய வாரம்

போட்டிக்கு ஐந்தாறு நாட்களுக்கு முன் துண்டுகளின் உச்சவரம்பை 12ஆகவும், கடைசி இரண்டு நாட்களில் 6ஆகவும் குறைத்துவிட்டு, இலக்கு நேரத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் தவறு வரக்கூடாது. வந்தால் உடனே நிறுத்தி எளிதாக நீந்தவிடுங்கள். போட்டியன்று சூடேற்றும் நீச்சலின் முடிவில் 25 மீட்டரை இலக்கு வேகத்தில் மூன்று முறை நீந்தி, நேரத்தைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால், அந்த வேகம் உடலில் எப்படி உணரப்படுகிறது என்பது அதற்கு நினைவுக்கு வந்துவிடும்.

போட்டி முடிந்ததும், பதக்கம் கிடைத்ததோ இல்லையோ, ஒவ்வொரு 50 மீட்டரின் நேரத்தையும் முடிவுப் பலகையிலிருந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதி பயிற்சி இலக்கோடு ஒத்துப்போனால் அடுத்த சுற்றுக்கு 0.2 நொடி குறைக்கலாம். முதல் பாதி மிக வேகமாகவும் இரண்டாம் பாதி இலக்குக்கு வெகு பின்னாலும் இருந்தால், இலக்கைத் தொடாமல், பந்தயத்தை எப்படிப் பிரித்து நீந்துவது என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். திங்கட்கிழமை எளிதான நீச்சல். புதிய எண்களோடு முதல் செட் புதன்கிழமை.